புறக்கோட்டையும் விகாரமகாதேவி பூங்காவும்: கெமராவோடு கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் படம் எடுக்க வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கை காட்டுவது காலிமுகத்திடலைத்தான். சூரியன் கடலில் இறங்கும், பட்டம் பறக்கும், எல்லோருடைய போனிலும் அதே படம். என் யோசனை வேறு. காலையில் புறக்கோட்டை, மாலையில் விகாரமகாதேவி பூங்கா, இரண்டும் ஒரே நாளில். ஒன்று இந்த நகரம் உழைக்கும் இடம், மற்றது அதே நகரம் காலாற உட்காரும் இடம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கொழும்பு பிடிபடும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்களும், கொழும்பிலேயே பிறந்து புறக்கோட்டைக்குள் சாமான் வாங்க மட்டும் போய் வருகிறவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கான பதில்கள் இவை.

சிங்கப்பூர், கோலாலம்பூர் மாதிரி கொழும்பில் சைனாடவுன் இருக்கிறதா?

இல்லை. சிவப்பு வளைவு, தொங்கும் விளக்கு, அந்த மாதிரி ஒரு தெரு இங்கே கிடையாது. சீனர்கள் இல்லாமலில்லை. பிரித்தானியர் காலத்தில் ஷான்டொங், ஹுபெய் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் வழியில் ஒரு சிறிய சமூகம் இங்கே உண்டு. துணி விற்றவர்கள், பல் கட்டியவர்கள், பிறகு உணவகம் நடத்தியவர்கள். இவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக நாடற்றவர்களாகவே இருந்தார்கள், 2008இல் தனிச் சட்டம் கொண்டுவந்துதான் குடியுரிமை கொடுக்கப்பட்டது. அது என்ன வலி என்று, தாங்களும் நாடற்றவர்களாக இருந்த மலையகத்துக் குடும்பங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எண்ணிக்கை குறைவு, பல ஊர்களிலும் சிதறி வாழ்ந்தார்கள், அதனால் ஒரு தெரு அவர்கள் பெயரில் திரளவில்லை. இப்போது கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் சீன எழுத்துப் பலகையோடு உணவகங்கள் வந்திருக்கின்றன, ஆனால் அதைச் சைனாடவுன் என்று சொல்ல முடியாது. தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சைனீஸ் ரோல்ஸும் கணக்கில் வராது, அது முழுக்க முழுக்க நம்முடையது.

அப்படியானால் சைனாடவுனில் எடுக்கிற மாதிரிப் படங்களுக்கு எங்கே போவது?

புறக்கோட்டைக்குத்தான். சைனாடவுனில் படம் எடுப்பவர்களுக்குப் பிடிப்பது என்ன? நெருக்கமான கடைகள், தலைக்கு மேலே பெயர்ப் பலகைகள், கோயிலுக்குப் பக்கத்தில் மொத்த வியாபாரம், தெருவிலேயே சாப்பாடு, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. அத்தனையும் இங்கே இருக்கிறது, கூடவே தமிழ், முஸ்லிம், சிங்கள வியாபாரிகள் ஒருவர் மொழியில் மற்றவர் விலை பேசுவதும் இருக்கிறது. படத்தில் சத்தம் விழாது என்பது மட்டும்தான் குறை.

எந்தத் தெருவில் என்ன இருக்கிறது? உள்ளே போனால் வழி தவறாதா?

தவறாது. வரைபடத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். தெற்கே கோட்டை ரயில் நிலையமும் ஒல்கொட் மாவத்தையும், வடக்கே பிரதான வீதி, அதாவது நாம் எல்லோரும் சொல்கிற மெயின் ஸ்ட்ரீட். இடையில் மலிபன் வீதி, பிரின்ஸ் வீதி, கெய்சர் வீதி. இவற்றை வெட்டிக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்காக முதலாம், இரண்டாம் என்று ஐந்தாம் குறுக்குத் தெரு வரைக்கும் போகும். எங்கே திரிந்தாலும் கடைசியில் மெயின் ஸ்ட்ரீட்டிலோ ஸ்டேஷன் பக்கமோதான் வந்து விழுவீர்கள்.

முதலாம் குறுக்குத் தெரு மின்சாரச் சாமான், இலத்திரனியல். கெய்சர் வீதி துணி. மலிபன் வீதி காகிதம், கொப்பி. நான்காம் குறுக்குத் தெரு சீனி, பருப்பு, அரிசி, வெங்காயம், மிளகாய் என்று மொத்தச் சரக்கு. நாட்டில் சீனி விலை ஏறினால் செய்தியில் அடிபடும் தெரு இதுதான். கெபோஸ் லேன் என்ற சந்தில் நாட்டு மருந்துக் கடைகள், வேரும் பட்டையும் சாக்குச் சாக்காக இருக்கும், படத்துக்கு அவ்வளவு நல்ல நிறங்கள். வடக்கே இன்னும் நடந்தால் செட்டியார் தெரு, நகைக் கடைகள்.

எனக்குப் பிடித்தது நான்காம் குறுக்குத் தெரு. அழகான தெரு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காலையில் லொறிகள் வந்து நிற்க, சுமை தூக்கும் நாட்டாமிகள் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டும் “சைட், சைட்” என்று கத்திக்கொண்டு போகிற வேகத்தைப் பார்த்தால் மற்றத் தெருக்களெல்லாம் தூங்குகிற மாதிரி இருக்கும்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

ஆறரை மணிக்கு ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சூரியன் சடாரென்று மேலே ஏறிவிடும். பத்து மணிக்குப் பிறகு வெளிச்சம் உச்சந்தலையிலிருந்து விழும், முகத்தில் கண் இருக்கும் இடம் கறுப்புப் பள்ளமாகிவிடும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் சரியாக நேர் மேலே, உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள்ளேயே போய்விடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மெயின் ஸ்ட்ரீட், கெய்சர் வீதி எல்லாம் ஏறக்குறையக் கிழக்கு மேற்காகப் போகின்றன. அதனால் காலை வெயில் தெரு நெடுகச் சாய்வாக வரும், தூசியும் புகையும்கூட அந்த வெளிச்சத்தில் வடிவாகத் தெரியும். குறுக்குத் தெருக்கள் வடக்கு தெற்கு. அங்கே காலையில் ஒரு பக்கச் சுவர் மட்டும் பளிச்சென்று இருக்கும், மற்றப் பக்கம் நிழல். நிழல் பக்கம் நின்று வெளிச்சத்துக்குள் ஆட்கள் வந்து போவதைக் காத்திருந்து எடுங்கள்.

கடைகள் திறப்பது எட்டரை, ஒன்பது மணிக்குத்தான். அதற்கு முன்னால் இழுப்புக் கதவுகள் மூடியிருக்கும் தெரு, தேநீர்க் கடைகள், சரக்கு இறக்குவது. இரண்டும் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கும், இரண்டையும் பிடிக்கலாம்.

எந்த நாள் நல்லது?

கிழமை நாட்கள். ஞாயிறன்று பெரிய கடைகள் பல பூட்டு, நடைபாதை வியாபாரம் மட்டும் களைகட்டும்; அது வேறு விதமான படம், கெட்டது என்று சொல்லமாட்டேன். வெள்ளி நண்பகல் ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் பாதித் தெரு வெறிச்சோடும். சித்திரைப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரம் கால் வைக்க இடமிருக்காது. கூட்டத்தை எடுக்கப் பழகியவர்களுக்கு அதுதான் திருவிழா. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த வாரம் வேண்டாம், தெருவை எடுக்காமல் முதுகுகளைத்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

சிவப்புப் பள்ளிவாசலை எப்படி எடுப்பது? எனக்கு முழுதாக விழவே மாட்டேன் என்கிறது.

யாருக்குமே விழாது. இரண்டாம் குறுக்குத் தெரு அவ்வளவு குறுகல். ஜாமிஉல் அல்ஃபார், நம்மவர் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளி, 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்து புறக்கோட்டையில் வியாபாரம் செய்த முஸ்லிம்களுக்குத் தொழ ஓர் இடம் தேவைப்பட்டது. ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை என்பவர்தான் வடிவமைத்தார், முறையாகக் கட்டடக்கலை படித்தவர் இல்லை, வியாபாரிகள் காட்டிய இந்திய பாணிக் கட்டடங்களைப் பார்த்தே செய்தார். அதனால்தானோ என்னவோ அந்தக் கோடுகளிலும் சுருள்களிலும் ஒரு துணிச்சல் இருக்கிறது. படித்தவர் செய்திருந்தால் பாதியைக் குறைத்திருப்பார்.

போனின் அகலக் கோண லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் கோபுரங்கள் பின்னால் சாயும். போனை நிமிர்த்திப் பிடித்து, தெருவின் கீழ்ப் பகுதியையும் சேர்த்து எடுத்து, பிறகு கீழே வெட்டிக்கொள்ளுங்கள். அல்லது முழுதாக எடுக்கும் ஆசையையே விட்டுவிடலாம். தெருவின் தொலைவிலிருந்து, கடைப் பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையில் சிவப்பும் வெள்ளையும் எட்டிப் பார்க்கிற படம், கட்டடத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்த தபால் அட்டைப் படத்தைவிட எவ்வளவோ மேல்.

சிவப்பு நிறம் கெமராவுக்குத் தொல்லை. வெயிலில் சிவப்பு மட்டும் பொங்கி, செங்கல் வேலைப்பாடு எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரைப் படியிலிருந்து முக்கால் படி வரை குறைத்து எடுங்கள், பிறகு நிறத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள். மேகமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

உள்ளே போகலாமா என்று வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள். தொழுகை நேரம் தவிர்த்து, காலணி கழற்றி, உடல் மறைத்த உடையோடு போனால் மரியாதையாகவே நடத்துவார்கள். பெண்கள் தலைக்கு ஒரு சால்வை வைத்திருங்கள். தொழுகிறவரை முன்னால் நின்று எடுக்க வேண்டாம்.

ஆட்களை எடுக்க எப்படி அனுமதி கேட்பது?

வாயைத் திறந்துதான். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, வெளிநாட்டுக்காரருக்கு இல்லாத வசதி. “அண்ணே, ஒரு படம் எடுக்கவா?” முஸ்லிம் கடைக்காரர் என்றால் “நானா, ஒரு போட்டோ எடுக்கலாமா?” சிங்களவர் என்றால் “அய்யே, போட்டோ எகக் கன்ன புளுவன்த?” வயதான பெண்ணை அம்மா என்றும் நடுத்தர வயது என்றால் அக்கா என்றும் கூப்பிட்டால் முகமே மாறிவிடும். கேட்டால் இயல்பு போய்விடும், விறைத்து நிற்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். முதல் படத்துக்கு நிற்பார்கள்தான். அதை எடுத்துக் காட்டுங்கள், சிரிப்பார்கள், திரும்பித் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் எடுக்க வேண்டியது அதற்குப் பிறகு வருவதை.

இன்னும் எளிய வழி, ஏதாவது வாங்குவது. அன்னாசித் துண்டில் மிளகாய்த் தூள் போட்டுக் கொடுப்பவரிடம் ஒரு பை வாங்கித் தின்றுகொண்டே கதைத்தால் பத்து நிமிடம் பக்கத்தில் நிற்க உரிமை வந்துவிடும். நாட்டாமிமாரை மட்டும் பாரத்தோடு இருக்கும்போது நிறுத்தாதீர்கள். தோளில் ஐம்பது கிலோ மூட்டை இருக்கிற மனிதரிடம் அனுமதி கேட்பது மரியாதை இல்லை, இடைஞ்சல். அவர்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் போய்க் கதையுங்கள். பலர் மலையகத்திலிருந்து வந்தவர்கள், தமிழில் கேட்டால் ஊர் பெயரிலிருந்து தொடங்குவார்கள்.

வேண்டாம் என்றால் வேண்டாம். தூரமாகப் போய் சூமில் இழுத்து எடுப்பது, கேட்காமல் எடுப்பதைவிடக் கேவலம்.

நகைக் கடைத் தெருவில் எடுக்கலாமா?

செட்டியார் தெருவில் கடைக்குள்ளே கெமராவைத் திருப்பாதீர்கள், உடனே ஒருவர் வெளியே வருவார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அங்கே போக வேண்டியது கோயில்களுக்காக. பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் இரண்டும் அங்கேதான், ஆடிவேல் விழாவில் தேர் பம்பலப்பிட்டிக்குக் கிளம்பும் இடம். கோபுரத்தையும் வாசல் பூக்கடையையும் தாராளமாக எடுக்கலாம், மூலஸ்தானத்தை எடுக்க வேண்டாம். வேல் புறப்படும் நாளில் போனால் கற்பூரப் புகையும் காலை வெயிலுமாக நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே படம் தானாக அமையும்.

அங்கிருந்து கொச்சிக்கடை நடக்கிற தூரம். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் 1856இல் பொன்னம்பல முதலியார் தொடங்கியது, பிறகு அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். கோபுர வர்ணம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கல்லின் சாம்பல் நிறம் ஓர் ஆறுதல். கறுப்பு வெள்ளையில் எடுக்க இதைவிட நல்ல கோயில் கொழும்பில் இல்லை என்பது என் கட்சி. உள்ளே எடுக்கக் கூடாது என்றால் தூண்களை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில்?

செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்துச் சனமும் வரும் இடம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த இடமும் அதுதான். அழுதுகொண்டு மெழுகுதிரி ஏற்றுகிறவர்களில் யார் அன்றைக்கு யாரை இழந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. வெளியிலிருந்து கட்டடத்தை எடுங்கள், பைகளைச் சோதிப்பார்கள், ஒத்துழையுங்கள். முகங்களை விட்டுவிடுங்கள்.

பழைய கட்டடங்களில் எதையெல்லாம் தவறவிடக் கூடாது?

மெயின் ஸ்ட்ரீட்டின் மேற்குத் தலைப்பில் கான் மணிக்கூண்டு. கான் என்ற பார்சிக் குடும்பம், கொழும்பில் எண்ணெய் ஆலை நடத்தியவர்கள், தகப்பன் நினைவாக 1923இல் கட்டிக் கொடுத்தது. சுற்றிலும் எப்போதும் பஸ்ஸும் ஓட்டோவும், அதையே படமாக்குங்கள்: ஷட்டர் வேகத்தைப் பதினைந்தில் ஒரு வினாடிக்கு இறக்கி, கம்பத்தில் சாய்ந்து நின்று எடுத்தால் மணிக்கூண்டு அசையாமல் நிற்க வாகனங்கள் கோடாக ஓடும்.

பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் அருங்காட்சியகம், பருத்த தூண்களோடு, இரு பக்கமும் கடைகள் நெருக்க நிற்கிறது. ஒரு காலத்தில் ஆளுநர் தோமஸ் வான் ரீ இருந்த வீடு, பிறகு அனாதை இல்லம், தபாலகம் என்று பல வேஷம் போட்டு 1982இல் அருங்காட்சியகம் ஆனது. திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். மெயின் ஸ்ட்ரீட்டின் மறு தலைப்பில் 1873ஆம் ஆண்டுப் பழைய நகர மண்டபம். இன்னும் மேலே ஏறினால் 1757இல் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயம், அங்கே போனால் புறக்கோட்டைச் சத்தம் பாதியாகும். மிதக்கும் சந்தை 2014இல் திறந்தது, பெயரில் இருக்கிற பகட்டு இடத்தில் இல்லை, ஆனால் தண்ணீருக்கு மேலே தாமரைக் கோபுரம் தெரியும் கோணம் ஒன்று அங்கே உண்டு.

என்ன கெமரா, என்ன லென்ஸ்?

போன் போதும். கெமரா என்றால் 28 அல்லது 35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று மட்டும். அந்த நெரிசலில் லென்ஸ் மாற்ற இடமும் இல்லை, தூசியும் அதிகம். ஷட்டர் வேகம் 250இல் ஒரு வினாடிக்குக் குறையாமல், லென்ஸ் துவாரம் எஃப் 8, ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டுவிட்டுக் கண்ணைத் தெருவில் வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் விரிப்பு. நீல விரிப்புக்குக் கீழே நிற்பவர் முகம் நீலம், செம்மஞ்சள் விரிப்புக்குக் கீழே செம்மஞ்சள். கண் அதைச் சரிசெய்து பார்த்துவிடும், கெமரா செய்யாது. ஆளை ஓர் அடி வெளியே வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். கெமரா தானாகத் திருத்தாமல் அப்படியே பதியும் ரோ கோப்பாக எடுத்தால் பிறகு ஓரளவு திருத்தலாம், முழுதாக வராது.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் பனி படரும். துடைத்துத் துடைத்துப் பார்க்காமல் கெமராவைப் பைக்குள்ளேயே கால் மணி நேரம் சூடேற விடுங்கள்.

பொலிஸ் பிரச்சினை வருமா?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோதனைச் சாவடி கடந்தே வளர்ந்த தலைமுறைக்குக் கெமராவைத் தூக்கவே கை தயங்கும். இன்றைக்குக் கடைத் தெருவில் படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. துறைமுகம், கடற்படை முகாம், ஜனாதிபதி மாளிகைப் பக்கம், சோதனைச் சாவடி, சீருடையில் இருப்பவர்கள், இவற்றை எடுக்காதீர்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கேட்டால் நின்று பதில் சொல்லி, எடுத்த படத்தைக் காட்டுங்கள். ட்ரோன் வேண்டாம், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது குற்றம், அதுவும் துறைமுகத்துக்குப் பக்கத்தில்.

பிக்பொக்கெட் பயம் இருந்தால் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சாப்பாடு?

காலையில் செட்டியார் தெருப் பக்கச் சைவக் கடையில் இட்டலியோ தோசையோ. பத்து மணி வெயிலில் ஒரு செவ்விளநீர் அல்லது ஃபலூடா. வெறும் வயிற்றில் வந்தவர்களின் படங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பதினொரு மணிக்கு மேல் எல்லாம் அவசரம்.

அங்கிருந்து பூங்காவுக்கு எப்படிப் போவது?

புறக்கோட்டையிலிருந்து கிளம்பும் 138 பஸ். பூங்காவுக்கு எதிரே உள்ள புதிய நகர மண்டபத்திலோ பொது நூலகத்திலோ இறங்குங்கள். ஓட்டோ என்றால் பிக்மீ செயலியில் பிடியுங்கள், ஸ்டேஷன் வாசலில் கெமரா தொங்கினால் விலை வேறு, உங்களிடம் இங்கிலீஷில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

நண்பகலில் பூங்காவில் என்ன செய்வது?

பூங்காவுக்குப் போகாமல் பக்கத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சைனாடவுன் கேட்டவர்களுக்கு நான் கட்டாயம் சொல்வது இதைத்தான், ஏனென்றால் கொழும்பில் மிகப் பழைய சீனம் இங்கேதான் இருக்கிறது. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு, தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் இருந்த தேனாவரை நாயனார் என்ற திருமாலுக்கு. பொன், வெள்ளி, பட்டு, சந்தனம், எண்ணெய் என்று பட்டியல் போகும். இத்தனை பெருமை உள்ள கல்லை 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகு மூடியாகக் கிடந்தது.

அறுநூறு வருடத்துக்கு முன் சீனாவிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறிய ஒருவருக்குத் தமிழில் எழுதிக்கொண்டு வருவது அவசியம் என்று பட்டிருக்கிறது. அரச அலுவலகங்களில் தமிழ்ப் படிவம் கேட்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் ஞாபகம் வரும்.

தேய்ந்த எழுத்து, நேரே எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பக்கமாக நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தைத் தேடுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். கட்டடமும் பார்க்க வேண்டியதுதான். ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1877இல் உருவானது. கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். வளவில் நிற்கும் ஆலமரங்களின் விழுதுகளுக்கு நண்பகல் வெளிச்சமும் பழுதில்லை.

வெளியே ஆனந்த குமாரசாமி மாவத்தை. கலை வரலாற்றுக்காரர் குமாரசாமி பிறந்ததும் அதே 1877இல். அந்தத் தெருவில் நடைபாதையில் ஓவியங்களைச் சாத்திவைத்து விற்பார்கள், வருடம் ஒரு தடவை கலா பொல கண்காட்சியும் அங்கேதான். பக்கத்தில் சீன உதவியோடு கட்டி 2011இல் திறந்த தாமரைத் தடாக அரங்கம். பொலன்னறுவைத் தாமரைக் குளத்தின் வடிவம் என்பார்கள், எனக்கு அது மேலேயிருந்து பார்த்தால் மட்டும் புரியும் கட்டடம்.

பூங்காவின் கதை என்ன?

சுருக்கமாக: சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த நிலத்தில் பிரித்தானியர் அமைத்தது, விக்டோரியா பார்க் என்று பெயர். 1958இல் துட்டகைமுனுவின் தாய் விகாரமகாதேவியின் பெயர் வைத்தார்கள். பழைய ஆட்கள் இன்னும் விக்டோரியா பார்க் என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் படையினர் முகாமிட்டிருந்தார்கள், 1951இல் மக்களுக்குத் திரும்பத் திறந்தது. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த போர் நினைவுத் தூண் முதலில் காலிமுகத்திடலில் இருந்தது. ஜப்பான்காரன் அதைக் குறிவைத்துச் சுடுவான் என்று பயந்து போர்க்காலத்தில் கழற்றி இங்கே கொண்டுவந்து நட்டார்கள்.

பூங்காவில் எதை எடுப்பது? வெறும் மரமும் புல்லும்தானே?

நாலு மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், பலூன்காரர், நூலகத்திலிருந்து எழுந்து வந்து மரத்தடியில் பரீட்சைக்குப் படிப்பவர்கள், காலையில் நீங்கள் கடைத்தெருவில் பார்த்த மாதிரியான குடும்பங்கள் வாங்கிய பைகளோடு புல்லில் உட்கார்ந்து வடையைப் பிரிப்பது. புறக்கோட்டையில் எல்லாம் வேகம், இங்கே ஒன்றும் அவசரமில்லை. படம் எடுப்பவரும் அந்த வேகத்துக்கு இறங்க வேண்டும். ஓர் இடத்தில் உட்காருங்கள். கெமரா மடியில் இருக்கட்டும். கால் மணி நேரத்தில் உங்களை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

மார்ச் முதல் மே தொடக்கம் வரை மரங்கள் பூக்கும். இலைகளுக்கு இடையில் பொட்டுப் பொட்டாக விழும் வெயில் கெமராவைக் குழப்பும். வெளிச்சப் பொட்டுக்கு அளவு வைத்து மற்றதை இருட்டாகவே விடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மழை வரும், மழை விட்ட அடுத்த அரை மணி நேரம் பூங்கா முழுக்கக் கழுவிவிட்ட பச்சை.

குடைக்குள் இருக்கும் காதலர்களை எடுக்கலாமா?

வேண்டாம். கொழும்பில் தனியாக இருக்க ஓர் அறைகூட இல்லாதவர்கள் ஒரு குடையை விரித்து அதற்குள் இருக்கிறார்கள். அந்தப் படத்தை எல்லோரும் எடுத்தாயிற்று, அதனால் யாருடைய வீட்டில் என்ன நடந்தது என்று எடுத்தவர் எவரும் போய்ப் பார்த்ததில்லை. பிள்ளைகளை எடுப்பதென்றால் தாய் தகப்பனிடம் கேட்டுவிட்டு.

புத்தர் சிலை முன்னால் செல்பி?

நகர மண்டபத்துக்கு எதிரே பெரிய சிலை இருக்கிறது. சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்பி எடுப்பதை இங்கே அவமதிப்பாகப் பார்ப்பார்கள், வில்லங்கமாகலாம். சிலையை மட்டும், அல்லது வணங்குகிறவர்களைச் சற்றுத் தள்ளிப் பின்னாலிருந்து எடுங்கள்.

கல்யாண அல்பம் எடுக்கலாமா?

எடுக்கிறார்கள், சனி ஞாயிறுகளில் ஒரு மரத்துக்கு ஒரு ஜோடி. பூங்கா மாநகர சபையின் கையில், தொழில்முறை படப்பிடிப்புக்கு முதலிலேயே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள், காவலாளியோடு மணப்பெண் முன்னால் வாதாடுவது வடிவாக இருக்காது.

கடைசி வெளிச்சத்துக்கு எங்கே நிற்பது?

நகர மண்டபத்துக்கு முன்னால். 1920களில் கட்டிய வெள்ளைக் கட்டடம், பெரிய குவிமாடம். வெள்ளையைக் கண்டால் கெமரா தானாக இருட்டாக்கிவிடும், அரைப் படி கூட்டுங்கள். சூரியன் மறைவது வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான், சிறிது முன்பின். மறைந்த பிறகு வானம் கருநீலமாக இருப்பது இருபது நிமிடம் மாதிரித்தான், ஐரோப்பாவில் இருக்கிற அண்ணன்மார் சொல்லும் ஒரு மணி நேரக் கணக்கு இங்கே செல்லாது. ஐந்தே முக்காலுக்கே இடம் பிடித்து நில்லுங்கள். முக்காலி இல்லாவிட்டால் பூங்காவின் சுவர் விளிம்பில் போனை வைத்து, டைமரில் எடுங்கள்.

படங்களை இணையத்தில் போடும்போது?

கடைக்காரரின் முகம் இருந்தால் அவரிடம் போடுவேன் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைப் பலகையில் உள்ள போன் நம்பரை மறைத்துவிடுங்கள். எந்தத் தெரு என்று சரியாக எழுதுங்கள், “கொழும்பு வீதியோரம்” என்று மொட்டையாகப் போடாதீர்கள். அடுத்த தடவை போகும்போது நாலு படத்தை ஸ்டூடியோவில் அச்சடித்துக்கொண்டு போய்க் கொடுங்கள், கடைக்காரர் அதைக் கல்லாவுக்குப் பின்னால் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகுவார், அதற்குப் பிறகு அந்தத் தெருவில் உங்களை யாரும் “எதற்கு எடுக்கிறாய்” என்று கேட்கமாட்டார்கள்.